செக்குபந்தி

தம்புச் செட்டித் தெருவில் மூன்றாம் மாடி.
கீழே ஜெராக்ஸ் கடை, அதற்கும் கீழே சாக்கடை.
மழை வந்தால் இரண்டும் ஒன்று.
முப்பத்தோரு வருடமாய் இங்கிருந்துதான்
செத்தவர்களின் கையெழுத்தை நிரூபித்துக்கொண்டிருக்கிறேன்.

உயில் என்றால் முத்திரைத்தாள் என்று நினைப்பார்கள்.
காசிமேட்டிலிருந்து ஒன்று
ஐஸ் பேக்டரி பில்லின் முதுகில் வந்தது:
"பைபர் போட்டுல பாதி, இஞ்சின் ஒண்ணு, எம் மக, வலை ரெண்டு
எல்லாம் பாத்துமுத்துக்கு."
மகளை எழுதிவைக்க முடியாது என்று விளக்க
அரை நாள் ஆனது.
எல்லாம் கேட்டுவிட்டு பாத்துமுத்து சொன்னாள்:
"அப்ப வலைய நீங்க வெச்சிக்கங்க."

சாட்சிகள் இருவர்.
ஒருவர் போய்ச் சேர்ந்திருப்பார்.
மற்றவர் மாதவரத்தில், மகன் வீட்டில், ஞாபகம் தப்பி.
கூண்டில் ஏற்றினால்
தன் கையெழுத்தைத் தானே தடவிப் பார்த்து
"நல்லாருக்கே, யாருது?" என்பார்.

இதையெல்லாம் சொல்வது
அந்த ஒன்றைத் தள்ளிப்போடத்தான்.
வாய்தா வாங்கத் தெரிந்தவள் நான்.

கொருக்குப்பேட்டை, ரயில்வே கேட்டை ஒட்டிய வீடு.
அறுநூற்றுப் பன்னிரண்டு சதுர அடி.
வடக்கே ரயில்வே மதில்,
தெற்கே அலமேலு வகையறா வீடு,
கிழக்கே பொதுச் சந்து,
மேற்கே புறம்போக்கு.
இந்நான்கெல்லைக்குட்பட்ட மனையும் கட்டிடமும்
கதவு ஜன்னல் உள்பட.
உள்ளே ஏழு வயதில் தனசீலன்.
எண்ணூர் சாலையில் ஒரே லாரிக்கு
அவன் அப்பாவும் அம்மாவும்.

சித்தப்பா ஏகாம்பரம் என் கட்சிக்காரர்.
அவரைக் காப்பாளர் ஆக்கினேன்.
அடுத்த வருடமே வீட்டை விற்க அனுமதி கேட்டேன்.
ஏழாம் பாரா: மைனரின் நலன் கருதி.

நீதிபதி பையனைத் தன் அறைக்குள் அழைத்து
சித்தப்பா நல்லா பாத்துக்கிறாரா என்று கேட்டார்.
"இன்னிக்கு கூட்ஸ்ல நாப்பத்திரெண்டு பொட்டி" என்றான்.
சிரித்தோம். நானும்தான்.
கேட்டதற்கு அவன் பதில் சொல்லவில்லை என்பது
உத்தரவில் இல்லை.
படியிறங்கும்போது ஆரஞ்சு மிட்டாய் ஒன்று கொடுத்தேன்.
பீஸ் வந்தது.
பிரிட்ஜ் வாங்கினேன்.
இன்னும் ஓடுகிறது.

எட்டு வருடம் கழித்து
ராயபுரத்தில் குழந்தைகள் நலக்குழு.
வேறொரு பிள்ளைக்காகப் போயிருந்தேன்.
பெஞ்சில் ஒருவன்,
செங்குன்றம் பக்கம் ஏதோ அரிசி மில்லில்
மூட்டைகளுக்கு நடுவே கிடைத்தவன்.
வடக்கே காவலர்,
கிழக்கே துருப்பிடித்த பீரோ,
மேற்கே திறக்காத ஜன்னல்,
தெற்கே நான்.

"மேடம், நீங்க எனக்கு மிட்டாய் குடுத்தீங்க" என்றான்.

குற்றச்சாட்டாகச் சொல்லியிருந்தால்
குறுக்கு விசாரணை செய்திருப்பேன்.
நன்றியாகச் சொன்னான்.
இதற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு கிடையாது,
தேடிவிட்டேன்.

நாகபூஷணம் விரலைக் கீபோர்டில் வைத்தபடி கேட்கிறார்:
"ஏழாம் பாரா வழக்கம்போலத்தானே?"
புது வழக்கு. கொடுங்கையூர்.
பெண் குழந்தை, ஒன்பது வயது.
மனுதாரர் பெரியம்மா.
பேங்கில் நாலு லட்சம்.

அந்த இடத்தைக் காலியா விடுங்க என்கிறேன்.
மேஜைக்கடியில் காலால் செருப்பைத் தேடுகிறேன்.
மணி இரண்டே முக்கால்.
பிராட்வேயில் பஸ் உடனே கிடைத்தால்
ஸ்கூல் விடுவதற்குள் போய்விடலாம்.
கேள்வி எதுவும் எடுத்துப்போகவில்லை.
கூட்ஸ் வண்டி போனால்
கூடவே நின்று எண்ணலாம்.