சுடாத கப்பல்

நான்கு யூரோ தொண்ணூற்றொன்பது.
இரவு பத்தேகாலுக்கு, அடுப்பில் சூப் கொதிக்கையில்,
அக்கா மகன் மறந்துவிட்டுப்போன கைக்கருவியில்
இறக்கிக்கொண்டேன்.
பெயர் யோய்போஷி என்றிருந்தது.
அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை.
ஆனால் படத்திலிருந்த மஞ்சள் நண்டுக் கப்பல்களைத் தெரியும்.
காசு விழுந்ததும் வரும் அந்த மூன்று கீச்சொலியும் தெரியும்,
கதவு எண்ணெய் கேட்பதுபோல.

அங்கோனா துறைமுகத்தில், எண்பத்தொன்றில்,
இயோலாண்டாவின் காப்பிக்கடையில்
கழிப்பறைக் கதவுக்கும் ஐஸ்கிரீம் பெட்டிக்கும் நடுவே நின்ற எந்திரத்துக்கு
சூப்பர் கொமேத்தா என்று பெயர்.
யாரோ கையால் எழுதி ஒட்டியது.
திரையின் அடியில், செய்தவன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
சுரண்டி எடுத்ததுபோல் ஒரு கறுப்புப் பட்டை.
திருட்டு நகல் என்பது இன்றைக்குத்தான் உறைக்கிறது.
அன்று, வானத்தின் அடிவாரம் அப்படித்தான் இருக்கும் என்றிருந்தோம்.

நூறு லிராவுக்கு மூன்று உயிர்.
சில்லறை இல்லாவிட்டால்
பள்ளம் விழுந்த தொலைபேசி வில்லையும் செல்லும்.
துல்லியோ ஆடுவான், நான் எண்ணுவேன்:
மூன்றாம் அலை, இரண்டாம் வரிசை, இடமிருந்து ஐந்தாவது.
அது மட்டும் சுடாது.
இறங்கி வரும், சிறகை மடக்கும்,
எங்கள் தலைக்கு நேர் மேலே ஒரு கணம் நிற்கும்,
என்னவோ நினைத்துக்கொண்டு திரும்பிவிடும்.
ஓடுகாலி என்று பெயர் வைத்தான் துல்லியோ.

மற்றதையெல்லாம் வீழ்த்திவிட்டு அதை விட்டுவைப்பான்.
அலை முடியாது. ஆட்டம் முடியாது.
ஒரே காசில் ஒரு பிற்பகல்.
கைப்பிடியின்மேல் அவன் கை சும்மா கிடக்கும்.
பேசிக்கொண்டிருப்போம்:
அவனுக்கு வந்திருந்த பட்டாளக் கடிதம்,
உடினேயின் குளிர்,
முடியை ஒட்ட வெட்டினால் அவன் காது எப்படித் தெரியும் என்பது.
ஓடுகாலி இடமும் வலமும் நடந்துகொண்டிருக்கும்,
பாட்ராஸ் படகு வராத நாளின் லாரிக்காரன்போல.
எட்டு மணிக்கு இயோலாண்டா ஈரத் துடைப்பத்தோடு வந்து
பிளக்கைப் பிடுங்குவாள்.
அந்தக் காசில் நாங்கள் தோற்றதே இல்லை.
ஜெயித்ததும் இல்லை.

இந்தப் பதிப்பில் எல்லாம் துப்புரவு.
பழைய கண்ணாடியின் வளைவு வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம்.
கோடுகோடான மங்கலும் விலைக்குள் அடக்கம்.
அடியில் செய்தவர் பெயர்: ஹ. கிரிஷிமா, ஒசாகா.
நாற்பத்துமூன்று வருஷம் தாமதமாக அவருக்கு வணக்கம் சொன்னேன்,
தான் மாங்காய் திருடிய தோட்டத்துக்காரரைத்
தெருவில் எதிர்கொண்டவள்போல.

முதல் அலை. கட்டைவிரலுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.
இரண்டாவது.
மூன்றாவதில் மற்ற முப்பத்தைந்தையும் ஒழித்துவிட்டுக்
கருவியை மேசைமேல் வைத்து
அடுப்பைத் தணிக்கப் போனேன்.
முதுகுக்குப் பின்னால் வெடிச்சத்தம்.

சுட்டிருக்கிறது.

பின்னோக்கு என்று ஒரு பொத்தான் இருக்கிறது இப்போது.
பத்து விநாடி பின்னே போனேன். சுட்டது.
மறுபடி. சுட்டது.
ஏழாம் முறை, அது சிறகை மடக்கி நின்ற அந்தக் கணத்தில்
ஆட்டத்தை நிறுத்திவைத்து
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிரிஷிமா அதைச் சுடத்தான் படைத்திருக்கிறார்.
நகலெடுத்த எவனோ, பொலோஞ்ஞாவிலோ எங்கேயோ,
ஒரு கிடங்கின் அரைவெளிச்சத்தில்
ஓர் எண்ணை மாற்றி எழுதிவிட்டான்.
அவனுடைய தூக்கக் கலக்கத்துக்குள்
நாங்கள் ஒரு கோடைகாலம் குடியிருந்திருக்கிறோம்.

சூப் அடிப்பிடித்துவிட்டது.
பெர்காமோவில் கொதிகலன் பழுதுபார்க்கிறான் துல்லியோ.
கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கு மட்டும் பயன்படும் எண் அது.
எழுதினேன்: கப்பல் சுடுகிறது.

மறுநாள், நாலாம் எண் சன்னலில்,
பாட்ராஸுக்கும் ஸ்பிளிட்டுக்குமாக வரிசை நெளிந்தபோது
பதில் வந்தது.
முப்பத்தொரு வருஷமாக இந்தக் கண்ணாடிக்கு அப்பால்
பெட்டியும் பிள்ளையுமாக வந்து நின்று
நாளுக்கு இருநூறு பேர் என்னிடம் கேட்கிற அதே கேள்வி:

எந்தக் கப்பல்?