புகை பறந்த இடங்கள்

அடிக்கு இத்தனை ரூபாய் என்று
பூமிக்கு விலை பேசும் ஊர் எங்களது.
திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகும் ரோட்டில்
வரிசையாய் நிற்கும் ரிக் வண்டிகளில் ரெண்டு
அப்பாவுடையவை.
ஒன்றில் பாங்க்குக்குப் பாதி சொந்தம்.
நான் ஜெர்மனிக்குப் போன பிறகு
இன்னொன்றிலும்.

ஃப்ரைபெர்க்கில் முதல் ஆறு மாதம்
வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் படித்தேன்.
கடைசி வரிசை. தலையாட்டல்.
புரியலைங்க என்று சொல்ல
அந்த மொழியிலும் ஒரு சொல் இருந்தது.
அது நாக்கில் ஏற
ஒரு பரீட்சை தோற்க வேண்டியிருந்தது.

அப்புறம் கல் கிடங்கில் மணிக்கூலிக்குச் சேர்ந்தேன்.
மரப்பெட்டிகளில் படுத்திருக்கும் பாறை உருளைகள்.
தூசி துடைத்து, ஆழம் எழுதி, அடுக்க வேண்டும்.
ஒரு மூலை முழுக்க
ஒன்றுமே கிடைக்காத குழிகளின் கல்.
இதை எதுக்கு வெச்சிருக்கீங்க என்று
ல்யூட்கே அம்மாளிடம் கேட்டேன்,
அரைகுறை ஜெர்மனில்,
அந்த நாட்டில் நானாகக் கேட்ட முதல் கேள்வி.
"மறுபடி அங்கேயே தோண்டாமல் இருக்க"
என்றாள் ரொட்டியை மென்றபடி.

அன்று ராத்திரி பனியில் நடந்து வருகையில்
ஞாபகம் வந்தது கல் இல்லை, பில்.
எங்கள் ஆபீஸ் பரண்மேல்
ரப்பர் பேண்டு போட்ட பில் புத்தகங்கள்.
ஊர், தேதி, மொத்த அடி, கேசிங் அடி.
கேசிங் நின்ற இடத்தில்
கெட்டிப்பாறை தொடங்குகிறது.
பதினேழு வருஷமாய் நாங்கள்
பாறையின் தலையை அளந்து அளந்து
கீழே காசு வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

போன் போட்டேன்.
"இன்கம்டாக்ஸ்காரனாட்டக் கேக்கறயே அம்மிணி"
என்றார் அப்பா.
ஆபீஸ் ஜமுனாராணிதான்
சோத்து நேரத்தில், நாளுக்கு முப்பது பில்லாய்
படமெடுத்து அனுப்பினாள்.
கிரீஸ் கறை, டீ டம்ளர் வட்டம்,
ஓரத்தில் டிரில்லர் செங்கோடன் கிறுக்கியது:
'வெங்கச்சாங்கல் 310. புகை.'

புகை என்றால் தண்ணீர் இல்லை.
குழியிலிருந்து வெறும் கல்தூள் எழும்பி
கடன் வாங்கி நிற்கிறவர் முகத்தில் படிவது.
அதற்கு ஜெர்மனில் சொல் அகப்படவில்லை.
ஆய்வேட்டில் புகை என்றே எழுதினேன்.
பேராசிரியர் சிவப்பு மையில் சுழித்து
பக்கத்தில் எழுதினார்: இருக்கட்டும்.

திரும்பி வந்ததும்
ஒரம்பரையெல்லாம் ஒரே கேள்வி,
அங்கயே இருந்திருக்கலாமில்ல?
கோயமுத்தூர்க் கம்பெனியில் வேலை,
சம்பளத்தில் பாதி தவணைக்கு.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு.
ரெண்டாயிரத்துச் சொச்சம் குழிகளை
புள்ளி புள்ளியாய் வரைபடத்தில் ஏற்றினோம்,
நானும் ஜமுனாராணியும்.
புகைக்குச் சாம்பல் நிறம்.

மல்லசமுத்திரம் பக்கம் ஒரு தோட்டம்.
நாச்சிமுத்துக்கு மூணு போரும் புகை.
நாலாவதுக்கு எங்கள் வண்டி போய் நின்றது.
சுத்தி எல்லாமே சாம்பல்.
வேண்டாமுங்க என்றேன்.
வண்டி வெறுமனே திரும்பியது.
டீசல் காசும் வரவில்லை.
அப்பா ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நாச்சிமுத்து வேறொரு வண்டி பிடித்தார்.
நான் கைகாட்டி வேண்டாமென்ற அதே இடம்.
தொள்ளாயிரத்து நாற்பது அடியில்
ஒன்றரை இஞ்ச் தண்ணீர்.

செங்கோடன்தான் போனில் சொன்னார்,
சிரிக்கக் கூடாதென்று பார்த்துப் பார்த்துச் சிரித்து.
"இதை ஏத்த வேண்டாமில்லீங்க்கா?"
ஜமுனாராணி மெல்லக் கேட்டாள்.

ஏற்றினேன்.
நீலப் புள்ளி. ஆழம் 940.
கணிப்பு: இல்லை. கிடைத்தது: ஒன்றரை.
பிழை யாருடையது என்ற கட்டத்தில்
என் பெயர்.

அப்பா தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.
ரொம்ப நேரம் திரையைப் பார்த்தார்.
"அவன் என்ன கல்லுல தண்ணி கண்டான்னு
கேட்டியா?"

கேட்கவில்லை.
ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன்.