நாற்பத்தொரு கிலோ

நிறுவையில் ஏறுமுன்
ஐந்து கதலிப்பழம், இரண்டு போத்தல் தண்ணீர்.
வயிறு தளும்ப நின்றேன்.
வட்டக்கச்சிச் சங்கக்கடையில்
நெல்மூட்டை நிறுக்கும் தராசு
முதல்நாள் சொன்னது நாற்பத்தொன்று.
கிளிநொச்சியில், ஆட்கள் எடுக்கும் மேசையடியில், நாற்பத்திரண்டரை.
எழுதுகிறவன் என் மணிக்கட்டைப் பார்த்தான்,
பிறகு வாசலைப் பார்த்தான்.
வரிசை நீளமில்லை.
எழுதினான்.

மாங்குளத்துக்கு அப்பால் பயிற்சி முகாம்.
சப்பாத்தில் என் அளவு இல்லை,
நுனிக்குள் பழந்துணி.
கோமளேஸ்வரி என்ற பெயரைக் கோப்ரல் நிலூகா
'கோமலே'யோடு நிறுத்திவிட்டாள்.
மிச்சம் எங்கே போனதென்று யாரும் கேட்கவில்லை.

முதல்நாள் தண்டால் மூன்று.
நாலாவதில் வாய்க்குள் மண்.
எக்கய், தெக்கய், துனய் என்று வாய் எண்ணும்,
உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று.
இரண்டு கணக்கும் சேர்ந்து முடிந்ததேயில்லை.
சிங்களத்தில் பத்து வரும்போது
தமிழில் நான் ஏழில் கிடப்பேன்.

நிலூகா எடை தூக்குகிறவள்.
அவளுடைய ஜிம், குசினிக்குப் பின்னால் பாலைமர நிழல்.
ஒரு தண்ணீர்க்குழாய்,
அதன் இரு நுனியிலும் சீமெந்து இறுகிய பெயின்ற் வாளி.
ஒரு வாளி மற்றதைவிட ஒன்றரைக் கிலோ கூட.
பக்கம் மாற்றித் தூக்காவிட்டால் உடம்பு கோணும் என்று
நடந்தே காட்டினாள், நண்டுபோல.
அவளுக்குத் தெரிந்த தமிழ் மூன்று வினை:
சாப்பிடு. தூக்கு. படு.

சாப்பிடுவதுதான் கஷ்டம்.
முட்டை, பருப்பு, மலைபோல் சோறு.
மூன்றாம் அகப்பை வரும்போது
கை தானாய் வந்து தட்டை மூடும்.
முள்வேலிக்குள் கஞ்சிக்கு நின்ற கை அது,
தம்பிக்கு மிச்சம் பிடித்த கை.
தோளுக்கு முன்னம் அதைத்தான் பழக்கவேண்டியிருந்தது.

லீவில் வரும்போது பஸ் முறிகண்டியில் நிற்கும்.
எல்லோரும் பிள்ளையாரிடம்
வீடு, விசா, காணாமற்போனவர் என்று
பெரிதாய்க் கேட்டுக்கொண்டு நிற்க
நான் கேட்டது தோளுக்கு அரை இஞ்சி.
கச்சான் மூன்று பை வாங்கி
வீடு வருமுன் இரண்டை முடித்தேன்.

வலது தோளில் ஒரு துண்டு இருக்கிறது.
பதினொரு வயதில் வந்தது.
எடுத்தால் நரம்பு போகும், கிடக்கட்டும் என்றார் டொக்டர்.
புளியங்கொட்டை அளவு,
தோலுக்குக் கீழே விரலால் உருட்டலாம்.
வகுப்பில் அலுப்படித்தால் உருட்டிக்கொண்டிருப்பேன்.
ஆறாம் மாதம் தேடினேன், அகப்படவில்லை.
தசை மேலால் மூடிவிட்டது.
வாளி தலைக்கு மேலே போகும்போது மட்டும்
இருக்கிறேன் என்கிறது.

தழும்பைத் தொட்டு நிலூகா புருவம் உயர்த்தினாள்.
"விழுந்தது" என்றேன்.
எழுவாய் இல்லாமலும் தமிழில் வசனம் நிற்கும்.
நான் விழுந்ததாய் எடுத்தாளோ என்னவோ.
கொஞ்சநேரம் குழாயின் துருவை நகத்தால் சுரண்டினாள்.
"அய்யா" என்றாள். அவர்களுக்கு அது அண்ணன்.
"முகமாலே."
பிறகு, "தூக்கு."

சங்கக்கடைத் தராசில் இப்போது நாற்பத்தொன்பது.
தண்ணீர் குடிக்காமல்.
அம்மா தைத்த சட்டையின் கை இறுகிக் கிழிந்தது,
திரும்பத் தைக்கத் துணி விட்டிருக்கலாம் என்று
அவ தன்னைத்தான் பேசினா.

பக்கத்துவளவு அன்னபாக்கியம் அக்கா
என்னோடு கதைப்பதில்லை.
அவவின் மகளும் ஒருநாள்
இப்படித் தோள் அகன்று வீட்டுக்கு வந்து
தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவள்,
வேறு நிறச் சீருடையில்.

நேற்றுப் பின்னேரம் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து
யாரையும் பார்க்காமல் சொன்னா:
"அரைமூட்டை நெல் கிடக்கு. மில்லுக்குப் போகவேணும்."
ரக்ரர் நின்றது. றைவருக்குக் கையில் கட்டு.
பொட்டுக்குள்ளால் குனிந்து போனேன்.
முதுகை நிமிர்த்து, முழங்காலால் எழும்பு,
மூச்சை விடாதே.
எக்கய் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு
ஏற்றினேன்.

அக்கா மூட்டையைத் தள்ளிப் பார்த்தா.
என் தோளைப் பார்த்தா.
"அவள் முழுமூட்டை தூக்குவாள்" என்றா.