சாட்சி

என் முதல் வேலை ஒரு மைல்கல்.
தாராபுரம் போகிற பழைய ரோட்டில்
கரூருக்கு 31 என்று வெட்டியிருந்தது.
மஞ்சள் பூசி, சிவப்புத் துணி சுற்றி
முப்பத்தொண்ணுச்சாமி என்று பெயரிட்டு
அன்றைக்குத்தான் சேவல் அறுத்திருந்தார்கள்.
ரத்தம் காயும்வரை நின்று
சாமியின் உயரம், அகலம் குறித்துக்கொண்டேன்.
அறிக்கையில் எழுதினேன்: நல்ல நிலையில் உள்ளது.

அப்புறம் இருபத்தெட்டு வருஷம்.
கூடப் படித்தவர்கள் தாழி எடுத்தார்கள்,
பெயர் கீறிய ஓடு எடுத்தார்கள், பேப்பரில் வந்தார்கள்.
எனக்குக் கிடைத்தது
போத்தனூரில் கழுத்து நெளிந்த கோலி சோடா பாட்டில்,
பவானிப் பக்கம் இன்னும் நீலம் விடாத
அவுரித் தொட்டிக் காரை,
சங்ககிரி அடிவாரத்தில்
துரை பங்களாவின் கக்கூஸ் குழி.

"வெள்ளைக்காரன் பீயில என்னம்மா ஆராய்ச்சி?"
தணிக்கைக்கு வந்தவர் சிரித்தார்.
அவன் என்ன தின்றான் என்று தெரியும் சார், என்றேன்.
தாது வருஷத்தில்
ஊர் என்ன தின்றது என்றுதான் தெரியவில்லை.
அவர் வவுச்சரைப் புரட்டினார்.

இப்போது மூலனூருக்குத் தெற்கே ஒரு குளம்.
கரை வழியாக நான்குவழிச் சாலை வருகிறது.
எனக்கு ஒன்பது நாள்,
நூறுநாள் வேலைப் பெண்கள் பதினோரு பேர்.

ஆறாம் நாள் வண்டலுக்கு அடியில் நிறம் மாறிற்று.
கறுப்புக்கு நடுவே ஒரு செம்மண் தூண்,
இடுப்பளவு,
தலையில் கொழுக்கட்டைப் புல்லின் மக்கிய வேர்.
கல்லறையோ, கோயில் பீடமோ என்று
நான் தூரிகையோடு மண்டியிட்டேன்.

மாராள் கடப்பாரையை ஊன்றி நின்றாள்.
"அது சாச்சிங்க மேடம்.
எத்தன ஆழம் வெட்டுனமுன்னு
ஓவர்சியருக்குக் காட்டோணுமல்லங்க.
நடுவால உட்டு வெப்போம்.
அளந்ததீமு இடிச்சுப் போடுவோம்."

இதை இடிக்கவில்லையே.

"அப்பொ அளக்கலீங்க."

ஆவணத்தில் அந்தக் குளத்துக்கு ஒரே வரி இருக்கிறது.
எனக்கு மனப்பாடம்.
பஞ்ச நிவாரண வேலை. பூர்த்தி.
அளவு சரி. கூலி பட்டுவாடா ஆயிற்று.
கையெழுத்து அழகாக இருக்கும்,
ஒரு மைத்துளி சிந்தாமல்.

டேப்பை நான் மேலே பிடிக்க
மாராள் அடியில் பிடித்தாள்.
மூன்றரை அடி.
முப்பதுக்கு இருபது குழி.
அவள் உதடு அசையாமல் பெருக்கினாள்.
"இருவத்தியொரு யூனிட்டுங்க.
ஆரு பேர்ல போடறது?"

என் மடியில் மஸ்டர் ரோல் விரிந்து கிடந்தது.
அதில் பதினோரு பெயர்.
அவர்களுக்கும் மூன்று வாரமாகப் பணம் ஏறவில்லை;
நான் போன வெள்ளிக்கிழமையே
சரிபார்க்கப்பட்டது என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அளந்தாயிற்று.
மாராள் இன்னும் கடப்பாரையைத் தூக்கவில்லை.