மௌசா, மதகு எண் பதினேழு

என் முதல் மதகைத் தண்ணீர் மதிக்கவில்லை.

புரோம் ஊருக்குக் கிழக்கே, மௌசா ரயில் நிலையம் தாண்டி,
வாய்க்கால் இடுப்பை ஒடிக்கும் இடத்தில்
கான்கிரீட்டில் கட்டியிருந்தேன்.
மூன்று கண். இரும்புப் பலகை. நெற்றியில் சுண்ணாம்பில் எண்.
பாசனத் துறைக் கோப்பில் நான் டோ தண்டா வின்,
அம்மாவுக்கு அங்கயற்கண்ணி.
இரண்டு பெயரிலும் கையெழுத்திட்டாலும்
தண்ணீருக்கு வாசிக்கத் தெரியாது.

வாஸோ பௌர்ணமிக்கு மறுநாள் கொட்டியது.
மூன்று கண்ணும் வறண்டு விழித்திருக்க
வெள்ளம் நானூறு அடி விலகி நடந்து
ப்யூ காலத்து மதிலில் ஒரு பொத்தலைத் தேடிப் பிடித்து
தலை குனிந்து உள்ளே போனது,
வழக்கமாய்ப் போகிறவள் மாதிரி.

என் வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பெயர் 'சிதைவு'.

மழை விட்டதும் சேற்றை வழித்தோம்.
அடியில் செங்கல் தளம்.
இருபுறமும் பலகை இறக்கிய காடி,
பலகை மக்கி எத்தனை நூற்றாண்டோ.
மட்டக்கருவியை வைத்துப் பார்த்தேன்.
என் வாசற்படியைவிட ஒரு சாண் தாழ்வு.
ஒரே ஒரு சாண்.

இரவு முழுக்கக் கணக்கைக் கிண்டினேன்.
வாய்க்கால் மட்டம் பழைய நிலப்படத்திலிருந்து;
மதகு மட்டம் ரயில் பாதைக் குறிக்கல்லிலிருந்து.
எப்போதோ ஜல்லி கொட்டிப் பாதையை உயர்த்தியபோது
கல்லையும் பிடுங்கி மேலே நட்டிருக்கிறார்கள்,
கோப்பில் சொல்லாமல்.
அந்த ஜல்லி எது என்று விடிந்ததும் காலால் கிளறினேன்.
சிவப்பு. இதே மதில்.
கூடைக்கு இத்தனை அணா என்று உடைத்துக் கொட்டியவர்கள் பேரேட்டில்
சடையன், வெள்ளையம்மா என்றுதான் இருந்திருக்கும்.
எங்கள் ஆட்கள்.
ஒரு சுவர் பொடியாகி, என் கணக்கில் பிழையாகி வந்து சேர
நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஊர் பார்க்க வருகிறவர்கள் பாவ்பாவ்ஜீ கோபுரத்தைப் படமெடுப்பார்கள்.
பெரிய பீப்பாய் போல அது நிற்பது அழகுதான்.
அரசர்களின் சாம்பல் பெயர் வெட்டிய தாழிகளில் கிடைத்தது.
நாகரிகம் என்று பள்ளியில் எனக்குச் சொன்னது இவற்றைத்தான்.
இந்த ஒரு சாணை இறக்கியது யார்?
எத்தனை நாற்று அழுகி, யார் யாரைத் திட்டி,
எந்த மழையில் 'இன்னும் கொஞ்சம் இறக்கு' என்று ஒருத்தர் சொன்னார்?
குனிந்து பார்த்தால் தெரிகிறது,
மேல் வரிசையை ஒரு முறை கொத்தி எடுத்த வடு.
அவரும் முதலில் தப்பாகத்தான் கட்டியிருக்கிறார்.

அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

ஒரு செங்கல் ஓரத்தில் மூன்று விரல் கோடு,
ஈரத்தில் இழுத்தது.
சூளைக் கணக்கு என்பார்கள், ஊர் அடையாளம் என்பார்கள்.
என் விரல்களை வைத்துப் பார்த்தேன்.
நடுவிரல் சேர்ந்தது, மற்ற இரண்டும் சேரவில்லை.
யாங்கோனில் பர்மிய மொழியில் இந்தத் தொழிலைப் படித்தேன்.
தமிழில் அதன் பெயருக்குள் கிடப்பதை யாரும் சொல்லவில்லை:
பொறி என்றால் எலி மாட்டுவது.
இரும்பில் இரும்பு பட்டால் தெறிப்பது.
கண்ணும் காதும் தோலும் பொறிதான்.
காய்வதற்குள் கீறி வைப்பதும் பொறிப்பதுதான்.

"இடிச்சிடலாமா, சயாமா?" என்றான் கோ ஸோ நைங்,
கடப்பாரையை ஏற்கெனவே கையில் வைத்துக்கொண்டு.

திருத்தப் படிவம் நிரப்பினேன்.
வாசற்படி ஒன்பது அங்குலம் குறைப்பு.
காரணம்: முந்தைய வடிவமைப்பாளரின் பரிந்துரை.
மேலிடத்திலிருந்து பதில் வந்தது:
அவர் பெயர், பதவி, தற்போதைய முகவரி?

புதுக் கலவை ஊற்றிய சாயங்காலம்
மூன்று விரலால் ஒரு கோடு போட நினைத்தேன்.
ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கமாக இருந்தது, போடவில்லை.
காலையில் படியின் குறுக்கே
கரையிலிருந்து கரைக்கு ஒரு நாய் போயிருந்தது.
பூசிடவா என்று கேட்டான்.
இருக்கட்டும் என்றேன்.
அதற்குள் அந்தக் குழிகளில்
வாய்க்கால் ஏறிக்கொண்டிருந்தது.