கடைசி வரிசை, செவ்வாய் பத்து மணி

ஏற்காட்டில் இரண்டு நாள் பயிற்சி.
புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்கள் பதினோரு பேர்,
ஒரு வேன், இருபது கொண்டை ஊசி வளைவு.
எட்டாவதில் மருந்தியல் பூங்குன்றன்
ஜன்னல் இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.
பதினொன்றில் காரணம் தெரிந்தது.

அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து
ஐந்தாண்டு கழித்து எங்கே இருப்பீர்கள்,
வரையுங்கள் என்றார்கள்.
ஒருவர் ஏணி வரைந்தார்.
ஒருவர் மரம் வரைந்து வேரில் குடும்பம் என்று எழுதினார்.
நான் வந்த வழியை வரைந்தேன்:
ஒரு கோடு, போன திசைக்கு எதிராகவே திரும்பித் திரும்பி
கொஞ்சம் உயர்ந்திருந்தது.
யாரும் எதுவும் கேட்கவில்லை. சுவரில் ஒட்டினார்கள்.
வெளியே பனி வந்து ஏரியை எடுத்துக்கொண்டு போயிற்று.

நாலு வருடம், இரண்டு கட்டுரை, சான்றிதழ்கள்,
காலையில் தவறாமல் கைரேகை.
பிறகு பெயர்ப்பலகையில் ஒரு சொல் மாறும்.
திரையில் பச்சை அம்புக்குறிகள் இதைச் சொல்லின.
நூற்றைம்பது பேர் முன் நிற்கும்போது
நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்வதைப் பற்றி
எந்த அம்பும் வாய் திறக்கவில்லை.
நான் உடற்கூறியல்.
அந்த நாக்கில் எட்டு ஜோடித் தசை என்று
தூக்கத்திலும் சொல்வேன்.

இரவு, விடுதி மாடியில், கீழே சேலம்
யாரோ கொட்டிவிட்டு அள்ளாமல் போன சில்லறை மாதிரி மின்னியது.
உடலியங்கியல் மெஹருன்னிசா சொன்னாள்:
"செவ்வாய் பத்து மணி எனக்குக் காலி.
உன் வகுப்பில் வந்து உட்காரட்டுமா?
பதிலுக்கு என் கட்டுரையைப் படி.
ரெண்டு இதழ் திருப்பிவிட்டது.
ஏன் என்று ரெண்டும் சொல்லவில்லை."

வந்தாள். கடைசி வரிசை, சத்தம் போடும் விசிறிக்குக் கீழே.
அன்று கைநரம்புப் பின்னல்.
ஐந்து வேர், மூன்று தண்டு, பிரிந்து, சேர்ந்து,
மறுபடி பிரிந்து.
நான்கு நிறச் சாக்பீஸ். அழகாகத்தான் வந்தது.

மாலையில் அஸ்தம்பட்டியில் தட்டுவடை செட்,
இரண்டு சட்னியும் தூக்கலாக.
காகிதத்தை நீட்டினாள். மூன்றே வரி:
பத்தொன்பது நிமிடம் போர்டோடு பேசினாய்.
போர்டுக்குப் பரீட்சை கிடையாது.
மணிக்கட்டு தொங்கிப்போன அந்த லாரி டிரைவரைச் சொன்னபோது
என் பக்கத்துப் பையன் எழுந்துவிட்டான்,
அதாவது, தூக்கத்திலிருந்து.

காரம் கண்ணில் ஏறியது. காரம்தான்.

அவள் கட்டுரை:
செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள்,
பற்றவைப்பவர்கள் அறுபத்திரண்டு பேர்,
நுரையீரல் எவ்வளவு ஊதுகிறது.
ஒரு பட்டறைக்காரர் குழாயை வாயிலிருந்து எடுத்து
"ஊதினா சரியாயிடுமா டாக்டர்?" என்றாராம்.
அது எந்தப் பக்கத்திலும் இல்லை.
நான் எழுதிக் கொடுத்தேன்:
முதல் இரண்டு பக்கம் உலகம் சுற்றுகிறாய்.
செவ்வாய்ப்பேட்டைக்கு மூன்றாம் பக்கத்தில்தான் பஸ் வருகிறது.

இரண்டு நாள் பேசவில்லை.
கேன்டீனில் டீயை நின்றுகொண்டே குடித்தாள்.
மூன்றாம் நாள் விடிகாலை இரண்டரைக்குப் புதிய பிரதி வந்தது.
முதல் வாக்கியத்திலேயே பட்டறை, கதவு சாத்தி,
காற்றில் கங்கு அணையாதிருக்க.
மூன்றாவது இதழ் இன்னும் பதில் போடவில்லை.

ஆண்டு மதிப்பீட்டுப் படிவம் வந்தது.
பணி மேம்பாட்டுக்குப் பெற்ற ஆதரவு: ஒரு கட்டம்,
ஒரு விரல் அகலம்.
ஏற்காடு, இரண்டு நாள் என்று எழுதினேன்.
அதுவும் பொய்யில்லை.

இன்று அவளுடைய வகுப்பு. மூச்சின் அளவுகள்.
கடைசி வரிசையில் இடம் பிடித்து
நோட்டைப் பிரிக்கிறேன்.
பக்கத்தில் ஒருவன், பை மேல் தலை,
ஒரு கண்ணை மட்டும் திறந்து கேட்கிறான்:
"அக்கா, அட்டெண்டன்ஸ் எடுத்தாச்சா?"