இரண்டு விநாடி

பனி கொட்டிய இரவுக்கு மறுநாள்
முதல் மருத்துவம் துடைப்பத்தால்தான்.
மேட்டில் நிற்கும் சோலார் தகட்டைப் பெருக்கிவிட்டால்
கிளினிக் கண் விழிக்கும்.
கிளினிக் என்றால்
ஹா லெபோய் கிராமத்தில் வட்டமாய் ஒரு கல்வீடு,
மேசை, திரை, அடுப்பு,
வால் முளைத்த ஸ்டெதஸ்கோப்,
அப்புறம் நான்.

டாக்டர் புசெலேட்சோ மசேருவில் இருக்கிறார்.
நடுவே மூன்று கணவாய்,
குதிரையில் அரை நாள், வேனில் ஒரு நாள்,
போக வர நானூறு மலோட்டி.
இங்கே பத்து.
அதுவும் இல்லையென்றால் நோட்டில் எழுதிக்கொள்வேன்;
நோட்டு பாதி நிறைந்துவிட்டது.

"அழுத்து" என்பார், அழுத்துவேன்.
"இன்னும் கீழே."
வலித்தவர் முறைப்பது என்னைத்தான்.
என் பத்து விரலும்
அவருக்கு வாடகைக்கு விட்டவை.

கேள்வி மலையேறி வர இரண்டு விநாடி,
பதில் இறங்கிப் போக இரண்டு.
புதிதாய் வருகிறவர்கள்
அந்த நான்கு விநாடியில் வெளிறிப்போவார்கள்:
டாக்டர் யோசிக்கிறார்,
எனக்கு ஏதோ பெரிதாய் வந்திருக்கிறது.

நேற்று மொகேத்தி வந்தார்.
குதிரையைக் கட்டிவிட்டு,
திரைக்கு முன் தொப்பி கழற்றி,
போர்வையின் ஊக்கைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.
இருமலை மட்டும் சரிசெய்ய முடியவில்லை.
மார்பில் வைத்தேன், முதுகில் வைத்தேன்.
மசேருவில் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு
டாக்டர் கண்ணை மூடியிருந்தார்.
"என்ன கேட்கிறதாம்?" என்றார் மொகேத்தி.
எனக்குத் தெரியாது.
ஓசை என் கை வழியாகப் போகிறது,
காதுக்கு வருவதில்லை.

"சுரங்கத்தில் எத்தனை வருஷம்?"
"வெல்காமில் இருபத்திரண்டு.
தங்கம்."
சொல்லிவிட்டுச் சிரித்தார், விரலில் மோதிரம்கூட இல்லை.

அப்போது திரை உறைந்தது.
டாக்டரின் வாய் பாதி திறந்து,
ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து.
மொகேத்தி வெகுநேரம் அந்த முகத்தைப் பார்த்தார்.
"பாவம், இந்தப் பெண் தூங்கி எத்தனை நாளோ.
சாப்பிட்டாளா என்று கேட்டாயா?"
நான் கேட்டதில்லை.
ஒரு வருஷமாக, ஒருநாளும்.

வெளியே மறுபடி பனி.
தகடு மூடிக்கொண்டதுதான் காரணமென்று
அவராகவே முடிவுசெய்து
துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நடந்தார்.
நான் தடுப்பதற்குள் கதவு விரியத் திறந்திருந்தது.
மேடு நாற்பதடி இருக்கும்.
பாதி வழியில் குனிந்து நின்றார்.
துடைப்பத்தின்மேல் தாடையை வைத்து நின்றார்.
பெருக்கினார். நின்றார்.
குதிரை தலை திருப்பி அவரைப் பார்த்தது.

"ஐந்து முறை."
முதுகுக்குப் பின்னால் குரல்.
எங்களுக்குத்தான் அவர் உறைந்திருந்தார்,
அவருக்கு நாங்கள் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறோம்.
"நாற்பதடிக்கு ஐந்து முறை நின்றார்.
நடக்கச் சொல்லிப் பார்க்கத்தான் நினைத்தேன்.
அவரே நடந்துவிட்டார்."
குரலில் மகிழ்ச்சி இல்லை.

மொகேத்தி உள்ளே வந்து,
ஒளிர்கிற திரையைக் கண்டு
பெருமையாய் என்னைப் பார்த்தார்:
பார்த்தாயா, பனிதான்.
நாங்கள் இருவருமே திருத்தவில்லை.

கல் தூசு படிந்த நுரையீரல்,
காசமும் சேர்ந்திருக்கலாம்,
சளி பரிசோதித்தால்தான் தெரியும்.
முகம் போகிறது, குரல் போகிறது,
நெஞ்சின் கரகரப்புகூட
மலை தாண்டிப் போய்விடுகிறது.
சளி போகாது.
அதற்கு மூடி இறுக்கிய டப்பா வேண்டும்,
ஐஸ் வேண்டும்,
வியாழக்கிழமை வரும் தபால் குதிரைக்காரன் ரமோனே வேண்டும்.

எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.
குதிரையின் பின்னங்கால் நொண்டுகிறதாம்,
அதையும் ஒரு பார்வை பார்க்க முடியுமா?

ஒன்று, இரண்டு.
மூன்று, நான்கு.

"கேமராவை வாசலுக்குத் திருப்பு" என்றார் டாக்டர்.